இறந்த ஆறு

அவளுடைய அக்காவின் கணவர் ஓவியர். வரைவதை விட்டுவிட்டு, பொருட்களை வைத்துக் காட்டுவதில் இறங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. இந்த முறை, ஒரு மாதத்துக்கு முன்பே, கழிவு கலந்த ஆற்றிலிருந்து கறுப்புத் தண்ணீரை அள்ளி வந்து, ஆளுயரக் கண்ணாடித் தொட்டியில் நிரப்பிக் கண்காட்சிக் கூடத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார். பெயர் ‘இறந்த ஆறு’. விருது அதற்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

நடுவர் வரும் நாளன்று காலையில் மச்சினியைக் கூப்பிட்டார். விலங்கியல் படித்தவள், நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்படுபவள்.

“சயின்டிஸ்ட், உடனே வா. ஆறு என் வயித்துல அடிச்சிடுச்சு.”

போய்ப் பார்த்தாள். கறுப்பு அடியில் படிந்து, கண்ணாடியெங்கும் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அதை மேய்ந்தபடி நத்தைகள். புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. அவள் தன்னை மறந்து சிரித்துவிட்டாள்.

“சிரிக்காதம்மா. செத்த ஆத்துல குடும்பம் நடத்துதுங்க.”

“இங்க கழிவு விழல, வெளிச்சம் படுது. அதான் பொழைச்சிருச்சு மாமா.”

“பொழைக்கிறது நாளைக்குப் பொழைக்கட்டும். இன்னைக்கு நடுவர் வர்றாரு.” கழிவறையிலிருந்து பிளீச்சிங் கரைசலைக் கொண்டுவந்து நீட்டினார். “நீ ஊத்து. படிச்சவ, அளவு தெரியும்.”

“நத்தை முட்டை வச்சிருக்கு மாமா.”

“அதுக்கு நான் சீமந்தமா செய்யணும்?”

முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கைதான் போனது.

மாலைக்குள் எல்லாம் செத்து அடியில் படிந்தன. பாசி வெளுத்தது. தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. இப்படி ஆகும் என்று அவளுக்குத் தெரியும். காலையில் யாரும் கேட்கவில்லை.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. தண்ணீரை மாற்ற நேரமில்லை. நடுவர் உள்ளே வந்துவிட்டார்.

“இறந்த ஆறுன்னு போட்டிருக்கு. குடிக்கலாம் போல இருக்கே?”

“சத்தியமா செத்துடுச்சு சார். இவ என் மச்சினி, சயின்ஸ் படிச்சவ. நீயே சொல்லும்மா.”

“ஒரு உயிரும் இல்ல சார்,” என்றாள் அவள்.

“அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றே?”

“காலையில நான்தான் கொன்னேன்.”

மாமா கண்ணை மூடிக்கொண்டார். நடுவர் குனிந்து, அடியில் கிடந்த நத்தை ஓடுகளை நெடுநேரம் பார்த்தார்.

“பார்க்கச் சுத்தமா இருக்கணும்னு ஒரு ஆத்தையே கொல்றது,” என்றார். “இதுதான் படைப்பு. பலகையில கொன்னவங்க பேரை எழுதுங்க. விருது அந்தப் பேருக்குத்தான்.”

மாமா கண்ணைத் திறந்தார்.

“ஊத்தினதுதான் சார் இவ,” என்றார் பணிவாக. “கொன்னது நான்.”

அவள் தலையாட்டினாள். அதில் மறுக்க எதுவும் இல்லை.