காரைக்கால் இல்லாத படம்

சிவகாசிக்காரர்களுக்கு ஊரென்றால் ஆர்டர். காரைக்கால் என்று சொன்னால் கடலோ அரசலாறோ நினைவுக்கு வராது. எந்த ஜவுளிக்கடைக்கு என்ன காலண்டர் என்பதுதான் வரும். அச்சகம் நடத்தும் சங்கரபாண்டியனுக்கு மருமகள்கூட அந்த வழியாகத்தான் கிடைத்தாள். வருஷந்தோறும் அவரிடம் காலண்டர் வாங்கும் காரைக்கால் பள்ளிக்கூடத் தாளாளர், தம் பள்ளியிலேயே சரித்திரமும் பூகோளமும் நடத்திய டீச்சரைக் கைகாட்டினார். பெயர் ஞானசுந்தரி.

பேச்சு முடிக்கிறபோது எல்லாம் தேனாகத்தான் இருந்தது. நாகப்பட்டினம் பக்கம் அச்சகத்துக்கு ஒரு கிளை போடுகிறோம், மகன் மகேஷ்குமாரை அங்கே அனுப்புகிறோம், பெண் வேலையை விடவே வேண்டாம் என்றார்கள். அதை நம்பி ஒரு வருஷ விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்தவளுக்கு மாடி அறையும், சமையற்கட்டும், வெள்ளிக்கிழமை காரில் போய்க் காரிலேயே திரும்பும் கோயிலும்தான் சிவகாசி. கிளையைப் பற்றிக் கேட்டால் சீசன் முடியட்டும் என்பான் மகேஷ். காலண்டர் சீசன் முடிந்தால் நோட்டுப் புத்தகச் சீசன். அந்த ஊரில் சீசன் எந்தக் காலத்தில் ஐயா முடிந்திருக்கிறது? நல்ல பையன்தான், குறை சொல்ல முடியாது. அப்பாவைக் கண்டால் மட்டும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டாயிரத்து மூன்று, மே மாதம். ஜூனில் பள்ளி திறந்ததும் போய்ச் சேராவிட்டால் வேலை போச்சு. அந்த நேரம் பார்த்துப் பாண்டிச்சேரி மாநிலப் பள்ளிகளுக்குச் சுவர்ப்படம் அடிக்கிற ஆர்டர் வந்தது. மேலே வரைபடம், கீழே நாலு வரி வரலாறு. படித்த மருமகள் எழுதிக் கொடுக்கட்டும் என்றார் மாமனார். எழுதித் தருகிறேன், ஜூனில் என்னை ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவள் முதல்முறையாகத் துணிந்து கேட்டாள். அவரும் தாராளமாகத் தலையை ஆட்டினார்.

அந்தத் தலையாட்டலை நம்பி உட்கார்ந்து எழுதினாள். ஒரே மாநிலம், ஒன்றையொன்று தொடாத நான்கு துண்டுகள். பாண்டிச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்துக்குள்ளே. காரைக்காலுக்கு மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். 1739இல் தஞ்சாவூர் ராஜாவிடமிருந்து அது பிரெஞ்சுக் கம்பெனி கைக்குப் போனது. 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் அதை இந்தியாவிடம் விட்டுவிட்டுப் போனார்கள். ராஜா கொடுத்தபோது ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை என்றும் ஒரு வரி சேர்த்திருந்தாள். மாமனார் அந்த வரியை மட்டும் அடித்துவிட்டார். பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதுக்கு, இடமும் பத்தாது என்றார்.

புரூஃபை அவரே மாடிக்குக் கொண்டுவந்தார். சரிபார்த்தவர் கையெழுத்துப் போடாமல் அவர் அச்சகத்தில் மெஷின் ஓடாது. தாளை அவள் கையில் கொடுத்துக்கொண்டே, மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்.

"ஒங்க தாளாளர்ட்ட நேத்தே போன்ல பேசிட்டேன் தாயி. மருமக இனி வரமாட்டா, வேற டீச்சரைப் போட்டுக்கிடுங்கன்னு சொல்லிட்டேன். பெரிய மனுசரு, ஒண்ணும் வருத்தப்படலை."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே மாமா."

"இதுல கேக்க என்னம்மா இருக்கு?" என்றவர், நிஜமாகவே புரியாமல் அவளைப் பார்த்தார். அப்படியானால் அன்றைக்குத் தலையாட்டியது? அது எழுத வைப்பதற்கு ஆட்டிய தலை.

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் படத்தைப் பார்த்தாள். நான்கு ஊருக்கு நான்கு சிவப்புத் திட்டு இருக்கவேண்டும், மூன்றுதான் இருந்தது. புதிதாக வரையச் சோம்பல்பட்டுப் பழைய தமிழ்நாட்டு வரைபடத்தின் அச்சு பிலிமை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். அங்கே அது வழக்கம்தான். நாகப்பட்டினம் மாவட்டத்துப் பச்சை நிறம் காரைக்காலை மூடிவிட்டது.

கண்டும் காணாமல் கையெழுத்துப் போட்டுவிட்டால் போதும். அத்தனை படமும் குப்பைக்குப் போகும், மாமனார் பெயர் மாநிலம் முழுக்க நாறும். நினைக்கவே அவளுக்கு இனித்தது, பொய் சொல்வானேன். பேனாவைத் திறந்தும்விட்டாள்.

ஆனால் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். எந்தப் படத்தை மாட்டினாலும் முதலில் ஓடிவந்து சொந்த ஊரின்மேல்தான் விரலை வைப்பார்கள். நம்ம ஊரு இல்லையே டீச்சர் என்று தேடப்போகிற முகங்களை நினைத்ததும் கை ஓடவில்லை. பாவி மனசு, அதற்குக் கோபமாக இருக்கக்கூடத் தெரியவில்லை. கரையோரம் வட்டம் போட்டு, காரைக்கால் விடுபட்டிருக்கிறது என்று எழுதித் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

சங்கரபாண்டியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். முகம் வெளிறி, பிறகு மலர்ந்தது.

"மானம் தப்பிச்சது தாயி. நீ மட்டும் இங்கன இல்லேன்னா இதை யாரு கண்டிருப்பா? இனிமே நம்ம கம்பெனி மேப்பு அம்புட்டையும் நீதான் பாக்கணும்."

நான் ஊருக்குப் போகணும் மாமா என்று அவள் சொன்னது அவர் காதில் விழவில்லை. கீழே இருந்தவர்களைக் கூப்பிட்டு, மாடிக்கு ஒரு மேசையும் நாற்காலியும் ஏற்றச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார்.

சாயங்காலமே மேசையும் நாற்காலியும் வந்துவிட்டன. மேசை நிறைய மற்ற மாநிலப் படங்களை அடுக்கிவிட்டுப் போனார்கள். விஷயம் கேள்விப்பட்டு மாடியேறி வந்த மகேஷுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பா வாயால் இப்படி யாரையும் புகழ்ந்து அவன் கேட்டதே இல்லையாம்.

"வேலை வேலைன்னு கேட்டியே, இப்பப் பாரு, வீட்டுக்குள்ளயே வந்திருச்சு" என்று சொல்லி நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டான்.

ஞானசுந்தரி அதில் உட்கார்ந்தாள்.