சூடு ஆறாத நாற்காலி

காலையில் கடையைத் திறந்ததும் மற்றவர்கள் ஊதுபத்தி ஏற்றுவார்கள். சர்தார் வக்கீலுக்குப் போன் போடுவார். செல்போனை ஸ்பீக்கரில் போட்டுப் பஞ்சு மூட்டையின் மேல் வைத்துவிட்டு ஊசியைக் கையில் எடுப்பார். அந்தப் பக்கம் ஒரு சிவன் பாட்டு ஆரம்பிக்கும். முழுசாகப் பாடி முடிக்கும். அப்புறம் ஒரு பெண்குரல், நீங்கள் அழைத்தவர் பதிலளிக்கவில்லை என்று இரண்டு மொழியில் சொல்லும். ஐவேளைத் தொழுகைக்கு அடுத்தபடியாக அவர் வாழ்க்கையில் தவறாமல் நடந்தது அந்தப் பாட்டுதான்.

"இன்னைக்கும் பாட்டுதானா?" என்று உள்ளேயிருந்து அவர் மனைவி பீபி ஜான் கேட்பாள்.

"பாட்டுதான்."

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, முன்னால் கடை, பின்னால் வீடு. தியானத்துக்கு உட்காரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு வட்டத் திண்டு தைத்துக் கொடுப்பது சர்தாரின் தொழில். சும்மா உட்காருவதற்கு இவ்வளவு தூரம் பிளேன் ஏறி வருகிறார்களே என்று அவருக்குச் சிரிப்பு வரும், ஆனாலும் திண்டு நன்றாகத்தான் தைப்பார். வீடு அவருடைய தகப்பனார் அப்துல் கனி கிரயம் வாங்கியது. விற்றவரின் பேரன் ஒருவன் திடீரென்று முளைத்து, அந்த விற்பனையே செல்லாது, இடம் தன்னுடையது என்று கேஸ் போட்டுவிட்டான். சம்மன் வந்த அன்றே சர்தார் திருவூடல் தெரு மாடியிலிருந்த வக்கீல் பரசுராமனிடம் ஓடினார். பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த பரசுராமன், "கவலையே படாதீங்க பாய், உங்க பத்திரம் கெட்டியா இருக்கு" என்று தோளைத் தட்டிக் கொடுத்தார். சர்தார் அவரைக் கண்ணால் கண்டது அந்த ஒரு தடவைதான்.

வக்காலத்தில் கையெழுத்து வாங்கிய குமாஸ்தா மூர்த்தி, போகும்போது ஒரு பாடமும் சொல்லி அனுப்பினான்.

"பாய், கோர்ட்டுப் பக்கம் நீங்க வரவே தேவையில்ல. தப்பித் தவறி வந்தாலும் வாயத் தொறக்காதீங்க. யாரு கூப்ட்டாலும், என்னா கேட்டாலும் கம்முனு இருங்க. நீங்க ஒண்ணு சொல்ல, அது வேற ஒண்ணா போயி முடியும். எல்லாம் ஐயா பாத்துக்குவாரு."

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. சர்தாரும் பலமாகத் தலையாட்டினார். கேஸ் நம்பர் என்னவென்றுகூடக் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை.

போன் எடுக்காதவரை நேரிலாவது பிடிக்கலாம் என்று மாடியேறிப் போனால், அங்கே நடப்பது வேறு விதமாக இருந்தது. மேஜை மேல் விளக்கு எரியும். மின்விசிறி சுற்றும். நாற்காலியின் முதுகில் கறுப்புக் கோட்டு தொங்கும். டீ கிளாசில் ஆவி பறக்கும். ஆள் மட்டும் இருக்க மாட்டார்.

"இப்பதான் பாய் எழுந்து போனாரு" என்பான் மூர்த்தி.

முதல் தடவை சர்தார் தன் நேரத்தை நொந்துகொண்டார். அடுத்த தடவையும் அதே விளக்கு, அதே கோட்டு, அதே ஆவி, அதே பதில். அதற்கடுத்த தடவை மூர்த்தி ஏதோ ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தான். சர்தார் மேஜையைச் சுற்றிப் போய் நாற்காலியின் மேல் கை வைத்துப் பார்த்தார். சூடாக இருந்தது. திண்டில் ஆள் உட்கார்ந்த பள்ளம் அவர் கண்ணெதிரே மெல்ல மெல்ல மேலே எழும்பிக்கொண்டிருந்தது. மாடிக்கு இருப்பது ஒரே படிக்கட்டு. அதில் ஏறி வந்தவர் அவர்தான். எதிரே மூர்த்தியைத் தவிர யாரும் இறங்கவில்லை. சர்தாருக்குப் பிடரி சிலிர்த்தது. நாம் வைத்திருப்பது வக்கீலையா, வேறு எதையாவதா என்று ஒரு கணம் தோன்றியது. கையைப் பைஜாமாவில் துடைத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கீழே இறங்கிவிட்டார்.

அடுத்த மாதம் ரேஷன் கார்டு விஷயமாக வேங்கிக்கால் போக வேண்டியிருந்தது. கலெக்டர் ஆபீசில் வேலை சீக்கிரம் முடிந்ததும், வக்கீல் எங்காவது கண்ணில் படமாட்டாரா என்று பக்கத்திலிருந்த கோர்ட்டுக்குள் நுழைந்தார். நல்ல வெயில் நேரம். கறுப்புக் கோட்டுக்காரர்கள் இவரைக் கடந்து போனார்களே தவிர ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நீளமான வராந்தா. அதன் அந்தக் கோடியில் ஒரு கதவு திறந்தது. வெள்ளைச் சட்டையும் குறுக்கே பட்டையும் போட்ட டவாலி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், சுவரைப் பார்த்துக் கூவினார்.

"அப்துல் கனி மகன் சர்தார்!"

செத்துப்போன வாப்பாவின் பெயரை, அவரை அறியாத ஒரு கட்டிடத்தில், அறியாத ஒரு வாய் சொல்லிக் கேட்டதும் சர்தார் நடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். யாரோ தன்னைக் கபர்க் குழியிலிருந்து கூப்பிடுவதுபோல் இருந்தது.

"அப்துல் கனி மகன் சர்தார்!"

வாயைத் திறக்கக் கூடாது. யார் கூப்பிட்டாலும் கம்மென்று இருக்க வேண்டும். ஐயா பார்த்துக்கொள்வார். ஐயா உள்ளேதான் இருப்பார். சர்தார் தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டார்.

மூன்றாவது முறையும் பெயர் வராந்தா முழுக்க ஓடிப் போய்த் திரும்பியது. டவாலி காத்திருக்கவில்லை. கதவு மூடிக்கொண்டது. சர்தார் வீட்டுக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டு, "ஐயா, இன்னைக்கு கோர்ட்ல என் பேரக் கூப்ட்டாங்க. என்னா விஷயங்க?" என்று வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பினார். இரண்டு டிக்கும் நீலமாயின. வக்கீல் கேட்டுவிட்டார். அவ்வளவுதான், பதில் வரவில்லை. பிறகு அனுப்பிய எல்லாவற்றுக்கும் அதே நீலம்தான் வந்தது. அந்தப் பக்கம் இருட்டில் யாரோ உட்கார்ந்து தன் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் தோன்றி அவருக்குத் தூக்கம் கெட்டது.

சில மாதங்கள் போயின. ஒரு நாள் மத்தியானம், தெருவே அடங்கிக் கிடந்த வேளையில், மூன்று பேர் கடைக்குள் வந்தார்கள். திண்டு வாங்க வரவில்லை. ஒருவன் கையில் அளவு டேப் இருந்தது.

"வாங்க, யாரு நீங்க?" என்றார் சர்தார்.

யாரும் அவரைப் பார்க்கவில்லை. டேப்பை நீட்டினார்கள். அது சர்தாரின் காலில் முட்டியபோது, தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

"இந்த செவுர எடுத்துட்டா முன்னாடி ரெண்டு கார் நிக்கும். உள்ள பூரா காபி ஷாப்பு" என்று ஒருவன் சொல்ல, இன்னொருவன் தலையாட்டினான். வாசற்படியில் நின்ற பீபி ஜானின் தோளுக்கு மேலாகக் கதவை அளந்தார்கள். அவள் உள்ளே ஒண்டிக்கொண்டு கணவரின் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, நாம இங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியலையா?"

உயிரோடிருக்கும்போதே தன் வீட்டில் தான் பேயாக நிற்பது எப்படியிருக்கும் என்று சர்தாருக்கு அன்றைக்குத் தெரிந்தது. போகிற போக்கில்தான் அந்த மூவரில் ஒருவன் நின்று, முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தான்.

"என்னா பாய், இன்னும் காலி பண்ணாம கீறீங்க? தீர்ப்பு ஆயி ரெண்டு மாசம் ஆவுதே. வர்ற வாரம் கோர்ட்டு அமீனா வந்து பூட்ட ஒடச்சி சாமான வெளிய வைப்பாரு, அப்ப சங்கடப்படாதீங்க."

சர்தார் வக்கீலுக்குப் போன் போட்டார். சிவன் பாட்டு ஆரம்பித்தது. "அந்தப் பாட்ட நிறுத்துங்க!" என்று பீபி ஜான் கத்தியே விட்டாள்.

மறுநாள் கோர்ட்டிலிருந்த இலவச சட்ட உதவி மையத்துக்குப் போகும் யோசனையும் அவளுடையதுதான். அங்கே தென்றல் என்ற இளம் வக்கீல் இருந்தாள். சர்தாரின் பெயரைக் கேட்டு, தன் செல்போனிலேயே இரண்டு நிமிஷத்தில் கேஸைத் தேடி எடுத்தாள். இத்தனை மாதம் யாருமே சொல்லாத சேதி ஒரு கைப்பேசிக்குள் எல்லோருக்கும் தெரியும்படி கிடந்தது.

"எக்ஸ்பார்ட்டி ஆயிருக்கு பாய். அப்படின்னா, உங்க பக்கம் யாருமே வரல, அதனால அவங்க சொன்னத மட்டும் கேட்டு ஒருதலையா தீர்ப்பு குடுத்துட்டாங்க. உங்க வக்கீல் அன்னைக்கு வரல. உங்க பேரையும் மூணு தடவ கூப்ட்டிருக்காங்க, நீங்களும் இல்ல."

"நான் இருந்தேம்மா."

தென்றல் நிமிர்ந்தாள். "இருந்தீங்களா?"

"அந்தத் தூணுகிட்ட நின்னுக்கினு இருந்தேன். வாயத் தொறக்கக் கூடாதுன்னு குமாஸ்தா சொல்லியிருந்தாரும்மா."

அவள் செல்போனைக் கீழே வைத்தாள். "நான் இருக்கேங்கய்யா, என் வக்கீல் வரலன்னு உள்ள போயி ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற தேதி குடுத்திருப்பாங்களே பாய். சரி, தீர்ப்பு வந்தப்புறமாவது ஒரு மாசத்துக்குள்ள ரத்து பண்ணச் சொல்லி மனு போட்டிருக்கலாம். அதுவும் போயிடுச்சு. இப்ப லேட்டானதுக்கு மன்னிப்பு கேட்டுத்தான் மனு போடணும். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது, தப்பு தன்னோடதுன்னு உங்க வக்கீல் எழுதிக் குடுத்தா வீடு பொழைக்கும். குடுப்பாரா?"

சர்தார் திருவூடல் தெரு மாடிக்கு ஏறினார். விளக்கு, விசிறி, கோட்டு, ஆவி பறக்கும் டீ.

"இப்பதான் பாய்..." என்று மூர்த்தி ஆரம்பித்தான்.

சர்தார் செல்போனை எடுத்து வக்கீல் நம்பரை அழுத்தினார். இரண்டு பேரும் அசையாமல் நின்றார்கள். பழைய கட்டுகள் வைக்கும் உள்ளறையின் மூடிய கதவுக்குப் பின்னால், மரத்துக்குள் வண்டு குடைவதுபோல், ஏதோ மெல்ல அதிர்ந்தது. மூர்த்தி தலையைக் குனிந்துகொண்டான். சர்தார் கதவைத் தள்ளினார்.

உள்ளே இருட்டு. கேஸ் கட்டுகளின் மேல், முழங்காலைக் கட்டிக்கொண்டு பரசுராமன் உட்கார்ந்திருந்தார். கையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் அவர் முகம் பிணம்போல் நீலமாகத் தெரிந்தது. பேயைப் பார்த்தவன்போல் அலறியது சர்தார் அல்ல, வக்கீல்தான்.

"உங்க பதில் மனுவ எழுதாமலே தள்ளிப் போட்டேன் பாய், அப்பலேர்ந்தே உங்க கண்ணுல படாம ஒளிஞ்சேன். தேதி அன்னைக்கு ஆரணி கோர்ட்ல மாட்டிக்கிட்டேன்" என்றார், கேட்காமலே. "வேற யாரையாவது அனுப்பணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். சரி பண்ணிட்டு உங்ககிட்ட சொல்லிடலாம்னு இருந்தேன். நாளைக்கு, நாளைக்குன்னு தள்ளிப் போயி தீர்ப்பே வந்துடுச்சு. அப்புறம் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சொல்றது? உங்க செருப்புச் சத்தம் படியில கேட்டாலே எழுந்துடுவேன். இங்க வந்து உக்காந்துக்குவேன்."

சர்தாருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அடிக்கக்கூடக் கை ஓங்கியது. ஆனால் எதிரே இருந்தவர் அடிவாங்கத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டதைப் பார்த்ததும் கை இறங்கிவிட்டது.

"தோத்துட்டோம் பாய்னு சொல்லியிருந்தா, ஒரு நாள் அழுதுட்டு அடுத்த வழி பாத்திருப்பேன் ஐயா. நீங்க ஒண்ணுமே சொல்லல. அதனால கேஸ் நல்லா போவுதுன்னு நெனச்சிக்கினு நான் திண்டு தெச்சிக்கினு இருந்தேன். என் வீட்டுக்குள்ளயே என் பொண்டாட்டியத் தாண்டி அளந்துட்டுப் போறாங்க."

வக்கீல் அழுதார். எழுதித் தரச் சம்மதிக்க அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. எழுதினால் ஊரிலுள்ள வக்கீல்கள் மத்தியில் தலை நிமிர முடியாது என்று பயம். கடைசியில் எழுதித்தான் கொடுத்தார். தென்றல் மனுப் போட்டாள். அமீனா வருவதற்கு முந்தின நாள் அது விசாரணைக்கு வந்தது.

நீதிபதி அந்தக் காகிதத்தைப் படித்துவிட்டுப் பரசுராமனை நிமிர்ந்து பார்த்தார். "கேஸ் எக்ஸ்பார்ட்டி ஆனது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு சாயங்காலமே தெரியுங்கய்யா."

"கட்சிக்காரர்கிட்ட எப்பச் சொன்னீங்க?"

கோர்ட் நிறைய வக்கீல்கள். எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

"சொல்லலைங்கய்யா. அவரே கண்டுபிடிச்சு வந்தாரு. தேதிக்கு வராம போனது ஒரு நாள் செஞ்ச தப்பு. அதச் சொல்லாம மறைச்சது நான் தினம் தினம் செஞ்ச தப்பு. அந்த ஒரு நாள் தப்புல இவரு வீடு போயிருக்காது."

நீதிபதி தீர்ப்பை ரத்து செய்து, கேஸை முதலிலிருந்து விசாரிக்கச் சொன்னார். இனி எல்லாம் பத்திரத்தின் பாடு. சர்தார் இம்முறை கேஸ் நம்பரையும் அடுத்த தேதியையும் தென்றலிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். பீபி ஜான் அங்கேயே அதை மனப்பாடம் செய்துவிட்டாள்.

வெளியே வராந்தாவில் பரசுராமன் தயங்கித் தயங்கி அருகே வந்து கையெடுத்துக் கும்பிட்டார். சர்தார் பதிலுக்குக் கும்பிடவில்லை. திட்டவும் இல்லை.

"உள்ள அம்பது பேரு முன்னாடி சொன்னீங்களே ஐயா, அத என் ஒருத்தன்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா போதுமே" என்றார்.