மாப்பிள்ளை ஒன்பது கிராம்

என் மனைவி அந்த மீனுக்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. மீசை இருக்கிறது, பகல் முழுக்க மல்லாந்து கிடக்கிறது, சாப்பாடு வந்தால் மட்டும் எழுந்து வருகிறது, வேறு என்ன பெயர் வைப்பது என்பாள். ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். தலைகீழாக நீந்தும் கெளுத்தி வகை. வயிறு மேலே, முதுகு கீழே. அதற்கு அதுதான் நேர்.

ஒரு வியாழக்கிழமை காலையில் அது தொட்டியின் மூலையில், மணல்மேல், மற்ற மீன்களைப் போலக் குப்புறப் படுத்திருந்தது. மற்ற மீனுக்கு நோய் வந்தால் மல்லாந்துவிடும். இதற்கு நோய் வந்தால் நேராகும் போலிருக்கிறது. வலையால் மெல்லப் புரட்டினேன். வயிறு கரண்டிக் குழி மாதிரி உள்ளே போயிருந்தது. கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் பள்ளம். அந்தப் பெரிய தலைக்குப் பொருத்தமில்லாமல் உடம்பு ஒரு வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

வேறு மீனாக இருந்தால் இவ்வளவு பதறியிருக்க மாட்டேன்.

மனைவி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போய் மூன்று மாதம். காப்பீட்டு அலுவலகத்தில் பதவி உயர்வு. உத்தரவுக் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, "என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். "உன் இஷ்டம்" என்றேன். பெருந்தன்மையாகச் சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் கடிதத்தை மடித்து உறையில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அவசியத்துக்கு மட்டும் பேசினாள். முதல் மாதக் கடைசியில் ஒரு பகல் வந்தாள், மாலையே திரும்பிவிட்டாள். அடுத்த இரண்டு மாதமும் வேலை என்று வரவில்லை.

புதன், ஞாயிறு இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுவாள். சாப்பாடாச்சா, ஆச்சு. கடை எப்படிப் போகுது, போகுது. பிறகு, "மாப்பிள்ளை எப்படி இருக்கார்?" என்பாள். அங்கேதான் அவள் குரலுக்கு உயிர் வரும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த ஒரு கேள்வி இல்லாவிட்டால் பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும். மீன் செத்துப்போனால் அவள் எதைக் கேட்பாள்? எதற்காகக் கூப்பிடுவாள்?

நான் மருந்துக்கடைக்காரன். இருபத்திரண்டு வருடமாக மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவன். எனவே எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தொட்டிக்குக் கீழே இருந்த அலமாரியில் மீன் மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. லேபிளைப் படித்து, தொட்டியின் நீளம் அகலம் உயரம் அளந்து, லிட்டர் கணக்குப் போட்டு, ஊசிக்குழலில் துல்லியமாக எடுத்து ஊற்றினேன். கூடவே உப்பும் போட்டேன். கடையில் பழைய மருந்துத் தராசு இருந்தது. அதை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். கிண்ணத்தில் தண்ணீர் வைத்து, எடையைப் பூஜ்யமாக்கி, மீனை உள்ளே விட்டேன். ஒன்பது கிராம்.

சனிக்கிழமை எடை எட்டரை. உடம்பில் மினுமினுப்பு போய், சோப்புத் தண்ணீர் காய்ந்த மாதிரி வெளுத்திருந்தது.

அன்றே வண்ணமீன் கடைக்குப் போனேன். கடை அம்மா என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். முழங்கை வரை ஈரம், மூக்குக்கண்ணாடி நெற்றியில். போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார்.

"என்ன போட்டீங்க?"

சொன்னேன். மில்லிலிட்டர் தசமப்புள்ளி வரைக்கும் சொன்னேன்.

"முழு அளவா? செதிலே இல்லாத மீனுக்கா? உப்பு வேறயா? நீங்க என்ன சார் வேலை பாக்குறீங்க?"

"மருந்துக்கடை."

"நல்லவேளை, உங்க கடைக்கு வர்றவங்க வாயத் தொறந்து வலிக்குதுன்னு சொல்லிடுறாங்க." அவர் சிரிக்கவில்லை. "இதோட தோல் நேரா மருந்தக் குடிச்சிடும் சார். போனதும் மூணுல ஒரு பங்கு தண்ணிய மாத்துங்க. இந்தக் கரிப் பைய ஃபில்டர்ல வைங்க, மிச்ச மருந்த உறிஞ்சிடும். நாளைக்கும் மாத்துங்க. இப்ப சொல்லுங்க, கழிவு வெள்ளையா நூல் மாதிரி வருதா?"

"கழிவே பாத்ததில்ல."

"சாப்பிடுதா?"

"தீனி தீந்துடுது."

"தொட்டியில வேற என்ன இருக்கு?"

"சின்ன நீலவரி மீனு. ஒரு பன்னெண்டு."

"அப்ப அதுங்க தின்னுதுன்னு சொல்லுங்க. இது வாயத் தொறந்து தின்னத நீங்க கண்ணால பாத்தீங்களா?"

யோசித்துப் பார்த்தேன். காலை ஏழு மணிக்கு, கடைக்குக் கிளம்பும் அவசரத்தில் ஒரு சிட்டிகை தூவுவேன். நீலவரி மீன்கள் கல்யாணப் பந்தியில் முதல் வரிசை பிடிக்கிற மாதிரி பாயும். மாப்பிள்ளை கல்லுக்கடியில் இருப்பார். அதற்குமேல் நான் நின்று பார்த்ததில்லை.

"இல்ல" என்றேன்.

"ஒல்லியாப் போன மீனுக்கு ரெண்டே காரணந்தான் முதல்ல பாக்கணும். ஒண்ணு, தின்னும் உடம்புல ஒட்டல, வயித்துல புழு. இன்னொண்ணு, திங்கவே கெடைக்கல. எதுன்னு தெரியாம மருந்து ஊத்தினா இப்படித்தான். முன்னாடி யாரு பாத்துக்கிட்டது?"

"என் மனைவி."

"அவங்க எப்ப, என்ன போடுவாங்க?"

எனக்குத் தெரியவில்லை. பதினோரு வருடமாக அந்தத் தொட்டி எங்கள் கூடத்தில்தான் இருக்கிறது.

"அவங்களையே கேளுங்களேன்."

"அவ வெளியூர்ல இருக்கா."

"போன் இல்லாத ஊரா?"

கரிப் பையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தண்ணீரை மாற்றினேன். ஞாயிறு காலையும் மாற்றினேன். தோலின் வெளுப்பு குறைந்தது. எடை மட்டும் எட்டரையிலேயே நின்றது. பகல் முழுக்கத் தொட்டிக்கு எதிரில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த வீட்டில் இவ்வளவு சத்தம் இல்லாமல் இருக்கும் என்பது எனக்கு இந்த மூன்று மாதமாகத்தான் தெரியும். ஃபில்டர் மோட்டார் உறுமல். மேல் வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது. தட்டில் ஒரு தோசை ஆறிக்கொண்டிருந்தது. எனக்காக மட்டும் சுட்டால் தோசைகூட வட்டமாக வருவதில்லை.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"சாப்பாடாச்சா?"

"ஆச்சு."

"கடை?"

"லீவு."

"மாப்பிள்ளை எப்படி இருக்கார்?"

புதன்கிழமை 'ஜோரா இருக்கார்' என்று சொல்லியிருந்தேன். இப்போதும் அது நாக்கு நுனியில்தான் இருந்தது.

"நல்லா இல்ல" என்றேன். "எலும்பும் தோலுமா இருக்கு. எட்டரை கிராம். நான் தப்பா மருந்து ஊத்திட்டேன். உன்ன ஒண்ணு கேக்கணும். நீ இதுக்கு எப்ப தீனி போடுவே?"

"விளக்கை அணைச்சப்புறம்" என்றாள். "வெளிச்சத்துல அது வெளிய வராது. நீங்க ஒன்பதரைக்குப் படுத்துடுவீங்கல்ல, அப்புறம் கூடத்து விளக்க அணைச்சிட்டு, ஃப்ரீசர்ல உறைய வெச்சிருக்கிற சிவப்புப் புழுத் தீனி ரெண்டு துண்டு வெந்நீர்ல கரைச்சு ஊத்துவேன். பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னால இருக்குமே."

"அத நான் தூக்கிப் போட்டுட்டேன். கெட்டுப்போன ஏதோன்னு நெனச்சேன்."

"எப்ப?"

"நீ போன வாரமே. ஃப்ரிட்ஜ் சுத்தம் பண்ணேன்."

"என்னைக்கும் இல்லாத திருநாளா நீங்க ஃப்ரிட்ஜ் சுத்தம் பண்ணப் போய், மாப்பிள்ளை மூணு மாசமா பட்டினியா!" கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். குரல் உடைந்து, அதில் பாதி சிரிப்பு இருந்தது. "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா, எனக்கு ஒண்ணும் தெரியலன்னு தெரிஞ்சிடுமேன்னு."

"அது எனக்குத் தெரியாதாக்கும்."

போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அவள் சொன்னபடி செய்தேன். புழு இல்லாததால் மூழ்கும் தீனி நாலு குருணையை ஊறவைத்தேன். நீலவரி மீன்களுக்கு முதலில் வெளிச்சத்திலேயே வயிறு நிறையப் போட்டேன். பிறகு கூடத்து விளக்கை அணைத்து, சன்னல் வெளிச்சம் படாமல் தொட்டிமேல் போர்வை போர்த்தி, எட்டிப் பார்க்க ஓரத்தில் மட்டும் ஒரு விரல் இடம் விட்டேன். குருணையைப் போட்டேன். காத்திருந்தேன்.

கல்லுக்கடியிலிருந்து முதலில் மீசை வந்தது. மணலைத் தடவியபடி மெல்ல ஊர்ந்தது. குருணைமேல் பட்டதும் நின்றது. பிறகு வாய்.

"திங்குது" என்றேன்.

"வேகமாவா மெதுவாவா?"

"காணாதத கண்ட மாதிரி."

"அப்ப வயித்துல புழு நோயா இருக்காது. நாளைக்கும் இதே அளவுதான் போடணும், ஒரேயடியா போட்டுடாதீங்க. வயிறு சுருங்கியிருக்கும்."

அவள் வழக்கமாக 'சரி, வைக்கட்டுமா' என்று சொல்லும் இடம் வந்துவிட்டது. அவள் சொல்லவில்லை. நான் முந்திக்கொண்டேன்.

"நான் தூங்கினப்புறம் வேற என்னென்ன பண்ணுவே?"

"இது என்ன கேள்வி?"

"சும்மா. தெரியலயே, அதான்."

"கதவு பூட்டியிருக்கான்னு இன்னொரு தடவ பாப்பேன். உங்க சட்டப் பைய தொழாவி மாத்திரை அட்டைய எடுத்து வைப்பேன், இல்லன்னா துணியோட சேத்துத் தொவச்சிடுவேன். அப்புறம்..." நிறுத்தினாள். "கொஞ்ச நேரம் தொட்டிக்கு எதிர்ல உக்காந்திருப்பேன்."

"எதுக்கு?"

"பேச ஆள் வேணுமில்ல."

எந்த முக்காலியில் உட்கார்ந்து அதைக் கேட்டேனோ, அதிலேயே இருந்தேன்.

"நீ போகக் கூடாதுன்னு இருந்துச்சு" என்றேன். "போனா உனக்கு நல்லதுன்னும் இருந்துச்சு. ரெண்டையும் ஒண்ணா எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லியிருந்தா நான் ரெண்டையும் கேட்டிருப்பேன்" என்றாள். "இப்ப நேரமாச்சு, காலைல ஆபீஸ் இருக்கு." அழுதாளா என்று தெரியவில்லை. போனில் அதையெல்லாம் நான் கண்டுபிடிக்கிற ஆள் இல்லை.

அவள் வருவதாகச் சொல்லவில்லை. மறுநாள் மாலை கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு வண்ணமீன் கடைக்குப் போய்ச் சிவப்புப் புழு வாங்கினேன். "கேட்டீங்களா?" என்றார் அந்த அம்மா. கேட்டேன் என்றேன். "நாலு நாள் கழிச்சு எடை போட்டுட்டு வாங்க. தின்னும் ஏறலன்னா அப்ப புழு மருந்து பாக்கலாம், அதுவும் பாதி அளவு." ஏறியது. நாலாம் நாள் எட்டே முக்கால். பத்தாம் நாள் ஒன்பதரை. அடுத்த வாரம் அது கல்லுக்கடியில் மறுபடியும் மல்லாந்தது. யாராவது பார்த்தால் செத்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். நான் கூடத்தில் தனியாக நின்று சிரித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டு, யார் என்று திரும்பிப் பார்க்கவும் ஆளில்லாமல், வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எட்டு மணிக்குக் கூப்பிட்டாள். தங்கியிருக்கும் அறையில் சன்னல் சரியாக மூடுவதில்லை, ராத்திரியில் குளிர் தாங்கவில்லை என்றாள். பக்கத்து மேசைக்காரி ஆபீஸ் ஃபைலைத் தொலைத்துவிட்டு இவளைச் சாடுவதைச் சொன்னாள். அங்கே யாரோடு சாப்பிடுவாய் என்று கேட்டேன். "யாரோடயும் இல்ல" என்றாள். நானும் அப்படித்தான் என்றேன். பிறகு சனிக்கிழமை மதிய பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டேன். யாருக்கு என்றாள். எனக்குத்தான் என்றேன். "ஒரு மணிக்கு ஒண்ணு இருக்கு" என்று மெதுவாகச் சொன்னாள். "ஸ்வெட்டர் எடுத்துக்குங்க."

போனை வைத்து வெகுநேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்று அவள் மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.