கிளம்பியதாகக் கருதப்படும் வண்டி

1.

இந்தக் கதைக்கு முடிவு உண்டு. முழுப் பொறுப்புடன் அறிவிக்கிறேன். முடிவை வாசகர் தலையில் கட்டிவிட்டு நழுவுகிற எழுத்தாளர்கள், பியாதினா ரொட்டிக் கடையில் பிசைந்த மாவைக் கையில் கொடுத்து, "வீட்டுக்குப் போய்ச் சுட்டுக்கொள்ளுங்கள்" என்று அனுப்புகிறவர்கள். அந்தக் கூட்டத்தில் நான் இல்லை. இத்தாலியின் ரொமான்யா வட்டாரத்துக் கதைக்கலை இன்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும்.

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்: ஒரு பஞ்சரிலிருந்து. கல்லூரிக்குப் போகிற வழியில் என் ஸ்கூட்டர் காற்றை விட்டது. நெவியோ சோஃபொலியின் பட்டறையில் காத்திருந்தேன். வேறு எதுவும் கிடைக்காததால் தேசிய மோட்டார்சைக்கிள் பந்தய விதிநூலைப் புரட்டினேன். அதில் ஒரு வாக்கியம்:

"தயாரிப்பு நிறுவனம் போட்டியிலிருந்து விலகுமாயின், அதன் வண்டி அப்பருவத்தின் எல்லாப் பந்தயங்களிலும் கிளம்பியிருந்தால் மட்டுமே, மேலும் இரண்டு பருவங்களுக்குத் தகுதியுடையதாகக் கருதப்படும்."

இலக்கிய வகுப்பில் இவ்வளவு சோகமான வாக்கியம் எதையும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை.

2.

முதல் தொடக்கம்: "மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஓர் அக்டோபர்—"
[வேண்டாம். அன்று நல்ல வெயில். சோகம் வேண்டுமென்றால் நான்தான் உழைக்க வேண்டும்.]

இரண்டாம் தொடக்கம்: "பார்னெத்தி என்ற பெயரைக் கேட்டதும் இத்தாலியர் நெஞ்சு—"
[விளம்பரம்.]

மூன்றாம் தொடக்கம்: ஜூலை மாதத்தில் ஒருநாள் நெவியோ கையிலிருந்த ஸ்பேனரைச் சுவரில் வீசினார்.
[இருக்கட்டும். சுவரில் பள்ளம் இருக்கிறது.]

வீசியதற்குக் காரணம் வானொலிச் செய்தி. பார்னெத்தி மோட்டார்சைக்கிள் நிறுவனம் பந்தயங்களிலிருந்து விலகுகிறது. இனி தோட்டத்துக்கான புல்வெட்டும் இயந்திரங்களில் முழுக் கவனம் செலுத்தும்.

"புல்லு வெட்டப் போறானுங்களாம்!" என்று கத்தினார் நெவியோ. "அந்த மாதிரி எஞ்சின் பண்ணின கையால புல்லு வெட்டப் போறானுங்களாம்!"

"நல்லாத்தான் வெட்டுவாங்கப்பா," என்றாள் மகள் ஐரிஸ். பந்தயத்தில் வண்டி ஓட்டுகிறவள் அவள்தான். "சத்தத்தைக் கேட்டே புல்லு தானா படுத்துக்கும்."

"சிரி, கழுதை, சிரி. அடுத்த வருஷம் எதுல ஓட்டுவே?"

அவள் சிரிப்பதை நிறுத்தினாள். நாட்டில் பந்தயம் ஓடிக்கொண்டிருந்த ஒரே பார்னெத்தி அவர்களுடையதுதான்.

3.

[இங்கே எனக்கு நெவியோவின் மேல் ஒரு சந்தேகம். மனிதர் அளவுக்கு மீறி அன்பானவர், கதைக்கு ஆகாது. ஒரு குறையாவது வேண்டுமே என்று தேடினேன். வாய் இருந்தது.]

பின்வரிசை அணிகளை நெவியோ விட்டுவைத்ததில்லை. வருகைக் கணக்குக்காக ஒரு சுற்று மட்டும் ஓட்டிவிட்டு உள்ளே வந்துவிடுகிறவர்களைக் கண்டால் அவருக்குக் கொண்டாட்டம். "இவனெல்லாம் பந்தயக்காரனா? 'உள்ளேன் ஐயா' சொல்லிட்டு ஜன்னல் வழியா ஓடுற பள்ளிக்கூடப் பையன்!" எதிரணிக்காரர்களின் காதில் விழும்படியே சொல்வார். பிறகு அவர்களுக்கே தன் ஒயினை ஊற்றிக் கொடுப்பார். [பாருங்கள், மறுபடியும் அன்பு.]

4.

செப்டம்பரில் ஒரு பெரிய அணி ஐரிஸைக் கூப்பிட்டது. ஜப்பான் வண்டி, புது எஞ்சின், தனிச் சமையல்காரர்.

அவள் எதையும் மறைக்கவில்லை. சாப்பாட்டு மேசையில் நேராகவே சொன்னாள்: "நம்ம வண்டிக்குத் தகுதி இருந்துச்சுன்னா உன்கூடத்தான் ஓட்டுவேன். இல்லேன்னா அவங்ககிட்ட போறேன். சரியாப்பா?"

"தகுதி இருக்கும்," என்றார் நெவியோ. "அந்தப் பாலாடைக்கட்டியை இப்படித் தள்ளு."

அவருக்குத் தெரியாததல்ல. அந்த ஜப்பான் வண்டியில் அவள் முதல் மூன்று இடங்களுக்குள் வருவாள். பார்னெத்தியில் எட்டாவது வந்தாலே அவர்கள் வீட்டில் திருவிழா. தெரிந்தும் பாலாடைக்கட்டியை ரொட்டியில் தடவிக்கொண்டிருந்தார்.

5.

மிஸானோ பந்தயத் திடல். பருவத்தின் கடைசிப் பந்தயம். மற்ற எல்லாவற்றிலும் வண்டி கிளம்பியாகிவிட்டது. இதில் ஒன்றுதான் பாக்கி. காலைப் பயிற்சியில் எஞ்சினுக்குள் ஏதோ அரைபடுகிற சத்தம். மாற்று எஞ்சினுக்குப் போக இடமில்லை. அதைச் செய்தவர்கள் புல்லுக்குப் போய்விட்டார்கள்.

நெவியோ எஞ்சின்மேல் காதை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்:

"ஒரு சுற்று போயிட்டு உள்ள வந்துடு."

"என்னது? சரியாக் கேக்கல."

"ஒரு சுற்று. போ. வா. அவ்வளவுதான்."

"ஜன்னல் வழியா வரட்டுமாப்பா?"

"வாயை மூடிட்டு ஹெல்மெட்டை மாட்டு."

ஐரிஸ் மாட்டினாள். கண்ணாடியை இறக்குவதற்கு முன் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "சரிப்பா, கிளம்புறேன்," என்றாள்.*

* கிளம்புவது என்ற சொல்லுக்கு இரண்டு வேலை. ஓட்டத்தைத் தொடங்குவதும் அதுதான். ஆளை விட்டுப் போவதும் அதுதான். விதிநூல் எழுதியவர் முதலாவதை மட்டும் நினைத்தார். நெவியோவும் அப்போது முதலாவதைத்தான் கேட்டார்.

6.

மாற்று முடிவுகள், பரிசீலனைக்கு:

எஞ்சின் அதிசயமாகத் தாங்கி, ஐரிஸ் முதலிடம்— [எட்டாவது இடமே திருவிழா என்று மேலே எழுதித் தொலைத்துவிட்டேன். திருத்தச் சோம்பல்.]

பார்னெத்தி முதலாளி கண்ணீருடன் ஓடிவந்து நெவியோவைக் கட்டிப்பிடித்து— [அப்புறம் புல்லை யார் வெட்டுவது?]

எனவே நடந்ததையே எழுதுகிறேன்.

7.

சிவப்பு விளக்குகள் அணைந்தன. எல்லா வண்டிகளும் இரைந்துகொண்டு போயின. ஐரிஸின் வண்டி மட்டும் நின்ற இடத்திலேயே நின்றது. எஞ்சின் அணைந்துவிட்டது.

நெவியோ அவளுடைய இடது கையைப் பார்த்தார். கிளட்ச் முழுதாக விடப்பட்டிருந்தது. படக்கென்று விட்டால் எஞ்சின் அணையும் என்பது முதல்நாள் ஓட்டுகிறவர்களுக்குக்கூடத் தெரியும். ஐரிஸ் அந்தத் தப்பைச் செய்து அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பதற்றமாக இருக்கலாம். எஞ்சினே செத்திருக்கலாம். இல்லை—

ஹெல்மெட் அவர் பக்கம் திரும்பியது. கண்ணாடியில் வெயில்; உள்ளே முகம் தெரியவில்லை. [இந்த இடத்தில் ஒரு கண்ணீர்த் துளி வைத்துப் பார்த்தேன். அந்தக் கண்ணாடி வழியாக யாருக்குத் தெரியப்போகிறது? எடுத்துவிட்டேன்.]

கிளம்பும் கோட்டின் அதிகாரி டொனாத்தா, நெவியோவோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். ஓடுதளத்தோரச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கத்தினார்:

"டேய் நெவியோ! தள்ளிக் கிளப்பச் சொல்லவா? எஞ்சின்ல கோளாறுன்னு காலையில நீதானே வந்து சொன்னே. நீ சரின்னாதான் தள்ள விடுவேன்!"

"கோட்டைத் தாண்டினாப் போதுமா?"

"எஞ்சின் பிடிச்சு, கோட்டைத் தாண்டினாக் கிளம்பினதா எழுதிடுவேன். சீக்கிரம் சொல்லுடா, மத்தவங்க சுத்தி வந்துடுவாங்க!"

இரண்டு பணியாளர்கள் இருக்கையின் பின்னால் கைவைத்துக் குனிந்து நின்றார்கள். கோடு அவர்களுக்குச் சற்று முன்னால்தான் இருந்தது. தள்ளினால், அந்த எஞ்சின் ஒருமுறை இருமிக்கொண்டாவது பிடிக்கும். செய்தவர்களைவிட அதை அவருக்கு நன்றாகத் தெரியும். தகுதி வந்துவிடும். மகள் சொன்ன சொல்லை மீறமாட்டாள். இரண்டு வருஷம் அவரோடு எட்டாம் இடத்துக்குச் சிரித்துக்கொண்டே ஓட்டுவாள். தள்ளாவிட்டால் அந்தப் பெரிய அணிக்குப் போய்விடுவாள்.

ஐரிஸ் முன்னால் திரும்பவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெவியோ!" என்றார் டொனாத்தா.

நெவியோ சுவரில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு சொல் சொன்னார்.

[அந்தச் சொல்லை எழுதினேன். அடித்தேன். மற்றதை எழுதினேன். அதையும் அடித்தேன்.]

நீங்கள் அந்தச் சுவரில் கை ஊன்றி நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்களோ, அதையே சொன்னார்.