வினிபெக்கிலிருந்து கல்கரிக்கு எண்பது பைகள்

ஒரு நகர சபையில் முப்பத்திரண்டு வருடம் எழுத்து வேலை பார்த்த லிகிதர் நான். குப்பை வண்டி எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது என் வேலை. வண்டிகள் வேறு வழியில் போயின. நான் அட்டவணையைத் திருத்தித் திருத்தி, சிவப்பு மையால் கோடு போட்டுக்கொண்டே ஓய்வு பெற்றேன்.

அதனால் மகள் சுந்தரி கனடாவிலிருந்து பேசியபோது, எனக்கு மறுபடியும் வேலை கிடைத்தது போல இருந்தது.

"அப்பா, இவருக்கு கல்கரியில வேலை கிடைச்சிருச்சு. ஜூலையில வினிபெக் வீட்ட விட்டுட்டுப் போறோம். கார்லயே போறதா பிளான். ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டர். நீங்களும் அம்மாவும் வந்தா எல்லாரும் ஒண்ணா போகலாம். நாலு நாள் நின்னு நின்னு போவோம்."

பக்கத்தில் நின்ற என் மனைவி இராஜேஸ்வரி, "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். அவளுக்கு வாகனம் ஒத்துக்கொள்ளாது. ரயிலில் ஒன்றும் செய்யாது. வேன், கார் என்றால் கண்டியிலிருந்து புறப்பட்டு, பக்கத்திலிருக்கும் பேராதனை தாண்டியதும் முகம் வெளுத்துவிடும். மலைமேல் புசல்லாவையில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கே அவள் போய் ஐந்து வருடமாகிறது. பேத்திக்கு இப்போது இரண்டரை வயது. அவளைத் தொலைபேசியில் மட்டும்தான் பார்த்திருக்கிறோம். பேத்திக்கென்று இராஜேஸ்வரி தைத்த சட்டைகள் அலுமாரியில் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. கீழே இருந்தவை குழந்தைக்கு இனிப் போடவே முடியாதவை.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை டிக்கெட் பதிய வேண்டும். ஒன்றா, இரண்டா என்று டிக்கெட் போடும் கடையில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

கட்டுக்கலைப் பிள்ளையாரிடம் போய், "அப்பனே, அவ வயித்தச் சரியாக்கிக் குடு" என்று வேண்டிவிட்டு, வரும் வழியில் எண்பது பக்கக் கொப்பி ஒன்றும் வாங்கினேன். முதல் பக்கத்தில் ஆசன ஒழுங்கு எழுதினேன்: "முன்னால் மருமகன் ஓட்டுவார். பக்கத்தில் நான், வழி பார்க்க. பின்னால் இராஜேஸ்வரி, சுந்தரி, குழந்தை." கனடாவுக்கு நான் போனதே இல்லை. ஆனாலும் அந்தப் பதவிக்கு என்னை நானே நியமித்துக்கொண்டேன்.

வழியெல்லாம் புல்வெளியும் கோதுமை வயலும்தான், மலையே இல்லை என்று சுந்தரி சொன்னாள். "மலை இல்லையாம். உறுதிப்படுத்தவும்" என்று எழுதிக்கொண்டேன். நான்கு டயருக்கும் வைக்க அங்கே எலுமிச்சம்பழம் கிடைக்குமா என்பது மூன்றாம் பக்கம். ஏழாம் பக்கத்தில்தான் என் முழுத் திறமையையும் காட்டினேன். கண்டியிலிருந்து புசல்லாவை முப்பத்தெட்டு கிலோமீட்டர். அதற்குள் அவள் இரண்டு தடவை வாந்தி எடுப்பாள். அந்தக் கணக்கில் கல்கரி போய்ச் சேர எழுபது தடவை. கடைக்குப் போய் எண்பது சொப்பிங் பைகள் வாங்கி வந்து அவள் முன்னால் அடுக்கினேன்.

"இனி நீ பயப்படத் தேவையில்ல."

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "அப்ப நான் எம்பது தடவ வாந்தி எடுக்கணும்னு எழுதியே வச்சிட்டீங்க."

"எழுவதுதான். பத்து அவசரத்துக்கு."

அன்று பின்னேரம் எனக்குத் தேநீர் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பாயிஸ், வாங்கிப்போன ஏணியைத் திருப்பித் தர வந்தார். குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வேலைக்குப் போகிறவர்களை வேனில் ஏற்றி இறக்குபவர். கதிரையில் இருந்த பைகளைப் பார்த்து, "என்ன அங்கிள், கட போடப் போறீங்களா?" என்றார்.

என் திட்டத்தைப் பெருமையோடு விளக்கினேன். அவர் கொப்பியை வாங்கி முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"அன்ட்டி எப்பவும் பின்னுக்கா இரிக்கிற?"

"பின்ன? முன்னுக்கு நான்தானே."

"ஏன் அங்கிள்?"

இந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. எங்கள் வீடுகளில் வாகனம் வந்தால் ஆண் முன்னால் ஏறுவான், பெண்கள் பின்னால் ஏறுவார்கள். அவ்வளவுதான்.

"வழி பாக்கத்தான்" என்றேன்.

"புசல்லாவைக்கு இரிக்கிறது ஒரே ரோட்டுதானே, அங்கிள்."

உள்ளே சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது போல இருந்தது.

"எங்கட உம்மாவுக்கும் இப்பிடித்தான். இப்ப முன்னுக்குத்தான் இரிப்பா. ரோட்டு கண்ணுக்குத் தெரிஞ்சா வயித்துக்கு கரைச்சல் கொறயும். ஞாயித்துக்கிழம வேன் சும்மாதான் நிக்கிது. அன்ட்டிட தங்கச்சியப் பாத்துட்டு வருவோம்."

ஞாயிறு காலை டயர்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துப் பிள்ளையாரைக் கும்பிட்டேன். இராஜேஸ்வரி பழக்கத்தில் பின்கதவுப் பக்கம் போனாள். பாயிஸ் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அவள் என்னைப் பார்த்தாள். "ஏறு" என்றேன், ஏதோ என் சொந்த ஆசனத்தைத் தானம் செய்கிறவன் போல.

அவளுக்காக இரண்டு பைகளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினேன். மடியில் கொப்பி. வளைவுகளை எண்ணி எழுதினால் கனடாவுக்கு உதவும் என்று எண்ணம். கம்பளை தாண்டியதும் வளைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. குனிந்து எழுதுவேன், நிமிர்வேன், மறுபடி குனிவேன். முன்னால் இராஜேஸ்வரி தேயிலைச் சரிவுகளைப் பார்த்தபடி பாயிஸிடம் அவர் உம்மாவின் சுகத்தை விசாரித்துக்கொண்டிருந்தாள்.

நாற்பத்து மூன்றாவது வளைவில் என் நெற்றி குளிர்ந்தது.

"தம்பி, கொஞ்சம் ஓரமா நிப்பாட்டுங்க."

இரண்டு பைகளும் எனக்கே பயன்பட்டன.

அவள் இறங்கி வந்து என் நெற்றியைத் தாங்கிப் பிடித்தாள். தனக்கென்று கைப்பையில் கொண்டுவந்திருந்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி என் மூக்கருகே வைத்தாள். முப்பத்தாறு வருடமாக நான் முன்னால் இருந்தபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல், "மனசத் திடமா வச்சுக்க, ஒண்ணும் ஆகாது" என்று சொல்லி வந்தவன். அதை அவள் எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கலாம். அதற்கு அவளுக்கு முழு உரிமை இருந்தது. "கொப்பிய மூடி வைங்க" என்று மட்டும் சொன்னாள்.

அன்று அவள் தங்கை வீட்டில் இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். நான் மோர் குடித்தேன். அவள் வயிற்றைச் சரியாக்கும்படிதான் நான் பிள்ளையாரிடம் கேட்டிருந்தேன். நீ கொஞ்சம் இடம் மாறி உட்கார் என்று அவர், ஏணியைத் திருப்பித் தர வந்தவர் வழியாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். நேராக என்னிடம் சொல்லியிருந்தால் அதையும் கொப்பியில் எழுதி, "உறுதிப்படுத்தவும்" என்று போட்டிருப்பேன்.

திரும்பும்போது அவள் யாரையும் கேட்காமல் முன்னால் ஏறினாள். வீட்டுக்கு வந்ததும் சுந்தரியை அழைத்தாள். "ஏம்மா, மாப்பிள்ள பக்கத்துல நான் ஒக்காந்தா அவரு ஒண்ணும் நெனைக்க மாட்டாரே?"

வெள்ளிக்கிழமை இரண்டு டிக்கெட் பதிந்தோம். அன்றிரவு முதல் பக்கத்தைச் சிவப்பு மையால் திருத்தினேன்: "முன்னால் மருமகன், பக்கத்தில் இராஜேஸ்வரி. பின்னால் நான்." பிறகு, மிச்சப் பைகளைக் கடைக்காரர் திருப்பி எடுப்பாரா என்று யோசித்தபடி எண்ணத் தொடங்கினேன்.

இராஜேஸ்வரி அலுமாரியிலிருந்து பெரிய அளவுச் சட்டைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அவ்வளவு பையையும் எடுத்து வைங்க. ஒங்களுக்கு வேணும்."