இடது பக்கத்து மலக்காய்

குனிந்து கால்களுக்கு நடுவே பார்த்தபோது என் அணித் தோழன் மலக்காய் எனக்கு இரண்டு பேராகத் தெரிந்தான். இரண்டு பேரும் ஒரே மாதிரி மண்டியிட்டு, ஒரே மாதிரி கையை நீட்டி, ஒரே மாதிரி சூயிங்கம் மென்றார்கள். காலிறுதிக்கு மறுநாளிலிருந்தே இப்படித்தான். யாரிடமும் சொல்லவில்லை.

என் பெயர் டோபின் க்ரால். டன்மோர் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு. அங்கே அமெரிக்கக் கால்பந்து அணியில் எனக்கு ஒரே ஒரு வேலை. குனிந்து, தலைகீழாகப் பார்த்து, பந்தைப் பின்னால் எறிய வேண்டும். ஏழு கஜம் தள்ளி இருக்கும் மலக்காய் ஓடம் அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவான், உதைக்கிறவன் உதைப்பான். ஒழுங்காக எறிந்தால் என் பெயர் ஒருவருக்கும் தெரியாது. தவறினால் நாடு முழுக்கத் தெரியும். இந்த வருடம் பதினான்கு ஆட்டம், பதினான்கு வெற்றி. ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

எங்களுக்கு நாரைகள் என்று பெயர். ஜெயித்தால் எங்கள் ஆட்கள் மைதானத்துக்குள் பிளாஸ்டிக் மீன்களை எறிவார்கள். காலிறுதி முடிந்தபோது கணுக்கால் வரை மீன். அதை மிதித்துக்கொண்டு நடந்ததுதான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதற்கு முன்னால் அரை மணி நேரம் ஞாபகத்தில் இல்லை. அதற்கும் முன்னால் பட்ட அடி ஞாபகம் இருக்கிறது.

பந்தை எறிந்துவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் வந்தவனை நான் பார்க்கவே இல்லை. அவன் தலைக்கவசம் என் காதருகே மோதியது. எழுந்தபோது எது எங்கள் பக்கம் என்று தெரியவில்லை. எங்கள் நிறச் சட்டைகள் போன பக்கம் நானும் போனேன்.

ஆகஸ்டிலேயே நான் ஒரு தப்பு செய்திருந்தேன். ஆட்டங்கள் தொடங்கும் முன் எங்கள் எல்லோருக்கும் கணினியில் ஒரு சோதனை வைப்பார்கள். வார்த்தைகளை ஞாபகம் வைக்க வேண்டும், நிறம் மாறியதும் பட்டனை அமுக்க வேண்டும். அடி படாத தலையின் அளவு அது. பிறகு அடி பட்டால் அதே சோதனை. மதிப்பெண் குறைந்திருந்தால் வெளியே உட்கார வேண்டும். அன்று வரிசையில் எனக்கு முன்னால் மலக்காய். அவனுக்கு அது கடைசி வருடம்.

"மெதுவா அமுக்குடா பொடியா," என்றான். "ரொம்ப புத்திசாலின்னு காட்டிக்காத. இங்க இப்ப மக்கா இருக்கிறவன்தான் ஜனவரில ஆடுவான்."

"எல்லாரும் இப்படித்தான் பண்றாங்களா?"

"க்ரேடன் மூஞ்சியைப் பாரு. எப்படித் தூங்கி வழியறான். நடிப்புடா அது."

க்ரேடன்தான் மைதானத்தில் எங்கள் அணியை நடத்துகிறவன். அவன் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தான். நான் ஐந்து வார்த்தைகளில் மூன்றை வேண்டுமென்றே மறந்தேன். வெளியே வந்தபோது நாலு பேர் என் முதுகில் தட்டினார்கள். அந்த ஊருக்கு வந்தபின் யாராவது என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

காலிறுதிக்கு மறுநாள் காலை, அணியின் மருத்துவ உதவியாளர் ஜோலீன் அதே சோதனையை வைத்தார்.

"அடடே," என்றார் திரையைப் பார்த்து. "ஆகஸ்டை விட நல்லா பண்ணிருக்கியே. அடி பட்டதுல அறிவு வளந்துடுச்சு போல."

"நல்ல அடிதான்," என்றேன்.

"தலைவலி? கண்ணு மங்குதா?"

"இல்லைங்க."

அவர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் இடது பக்கத்து மலக்காய்தான் நிஜம் என்று கண்டுபிடித்து வைத்துக்கொண்டேன். ஒன்பது நாள் சரியாக வந்தது. அரையிறுதிக்கு முந்தின நாள் மதியம், அட்லாண்டா மைதானத்தில் பயிற்சியின்போது, இடது பக்கத்து மலக்காய்க்கு எறிந்தேன். பந்து யாருமில்லாத இடத்தைத் தாண்டிப் போய் விழுந்தது.

"டேய் க்ரால்!" என்று கத்தினார் பயிற்சியாளர் பர்டெட். "யாருக்குடா எறிஞ்ச? உங்க மாமா அங்க நிக்கிறாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். மலக்காய் சிரிக்கவில்லை.

ஓட்டலில் இரவு பத்தரைக்கு உதவிப் பயிற்சியாளர் அறை அறையாக வந்து தலைகளை எண்ணுவார். பிறகு கதவை மூடி, வெளிப்பக்கம் கதவையும் நிலையையும் சேர்த்து ஒரு டேப் ஒட்டிவிட்டுப் போவார். காலையில் டேப் கிழிந்திருந்தால் உனக்கு ஆட்டம் கிடையாது. ஏன், எதற்கு என்று கேட்க மாட்டார்கள்.

விளக்கை அணைத்தோம். பக்கத்துக் கட்டிலிலிருந்து மலக்காய் கேட்டான்.

"எத்தனை பேர்டா?"

"என்ன எத்தனை?"

"நான்டா. எத்தனை பேரா தெரியறேன்?"

"ரெண்டு."

"ரெண்டு பேரும் அழகாத்தான இருக்கானுங்க?"

சிரித்தேன். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. அவன் என் பக்கம் புரண்டு படுத்தான்.

"நடுவுல எறி. எப்படி வந்தாலும் நான் புடிச்சுக்கறேன். ரெண்டே ரெண்டு மேட்ச்தான், டோபின். அப்புறம் எட்டு மாசம் படுத்துத் தூங்கு."

"எனக்குப் பயமா இருக்கு, மலக்காய்."

"ஜோலீன்கிட்ட சொல்லப் போறியா?"

போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டேன்.

"உன் ஆகஸ்டு மார்க் பொய்னு தெரிஞ்சா எல்லாரையும் திரும்ப டெஸ்ட்டுக்கு உக்கார வெப்பாங்க. என்னை. க்ரேடனை. பாதி டீமை. நான் உன்னைத் தடுக்கலடா. யோசின்னு சொல்றேன், அவ்வளவுதான்."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவனுக்குக் குறட்டை உண்டு. அன்று குறட்டை வரவில்லை.

அம்மா பதினோரு மணி நேரம் கார் ஓட்டி வந்து, ஒரு பை நிறைய பிளாஸ்டிக் மீனோடு பக்கத்து ஓட்டலில் படுத்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு என்ன சொல்வது? நான் மக்கு மாதிரி நடித்தேன், அதில் நன்றாகத் தேறிவிட்டேன் என்றா?

மணி பார்த்தேன். கட்டில்களுக்கு நடுவே இருந்த கடிகாரத்தில் சிவப்பு எண்கள். இரண்டு கடிகாரம். ஒரு கண்ணை மூடினேன், ஒன்று. திறந்தேன், இரண்டு. நான் குனிந்திருக்கவில்லை. தலையணையில் நேராகத்தான் படுத்திருந்தேன். அதுவரை தலைகீழாகப் பார்க்கும்போது மட்டும்தான் அப்படி இருந்தது.

எழுந்து போய்க் கதவை இழுத்தேன். டேப் பிய்ந்த சத்தம் தாழ்வாரம் முழுக்கக் கேட்ட மாதிரி இருந்தது. லிஃப்ட் பக்கத்தில் நாற்காலியில் இருந்த காவலாளி எழுந்தார்.

"உள்ள போ தம்பி. உன் பேரை எழுதிக் குடுக்க வெச்சிடாத."

"எழுதிக்கோங்க சார். க்ரால். ஜோலீன் ரூம் எது?"

"க்ரால்?" அவர் யோசித்தார். "நீ ஆடற பையனா?"

ஜோலீன் தலை கலைந்து வந்து கதவைத் திறந்தார். உள்ளே போய்க்கூட நிற்காமல், வாசலிலேயே சொல்லிவிட்டேன்.

"ஆகஸ்ட்ல நான் வேணும்னே தப்பாப் போட்டேன். எனக்கு எல்லாம் ரெண்டாத் தெரியுது."

"எத்தனை நாளா?"

"ஒன்பது."

அவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நீ மட்டுமா?"

திரும்பிப் பார்த்தேன். தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் எங்கள் அறைக் கதவு திறந்திருந்தது. வெறுங்காலோடு மலக்காய் நின்றான். இரண்டு மலக்காய்.

"என்னைப் பத்தி மட்டும்தான் எனக்குத் தெரியும்," என்றேன்.

ஜோலீன் நம்பவில்லை. மேலே கேட்கவும் இல்லை. எங்கள் அறைக் கதவு மூடுகிற சத்தம் பின்னால் கேட்டது.

ராத்திரியே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படம் எடுத்தார்கள். மண்டைக்குள் ரத்தம் இல்லை, ஆனால் வெளிச்சம் கூடாது, தொலைக்காட்சி, போன் எதுவும் பார்க்கக் கூடாது என்றார்கள். ஓட்டல் அறைக்குத் திரும்பி வந்தபோது மலக்காயின் கட்டில் காலி. பெட்டியும் இல்லை. வேறு அறைக்கு மாற்றிவிட்டதாகச் சொன்னார்கள். யார் கேட்டு மாற்றினார்கள் என்று சொல்லவில்லை.

பகலில் அம்மா வந்து கொஞ்ச நேரம் பக்கத்தில் இருந்தாள். ஆட்டத்துக்கு நீ போ என்று நான்தான் அனுப்பினேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டுப் படுத்தேன். பக்கத்து அறையில் யாரோ தொலைக்காட்சியைச் சத்தமாக வைத்திருந்தார்கள். சுவர் வழியாகக் கேட்டேன். ஆரம்பத்திலேயே வர்ணனையாளர் ஒரு முறை சொன்னார், டோபின் க்ரால் இன்று ஆடவில்லை என்று. என் பெயர் தொலைக்காட்சியில் வந்தது அதுதான் முதல் தடவை.

எனக்குப் பதிலாக அணியின் மாற்று ஆள் வெஸ் எறிந்தான். எப்படி எறிகிறான் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரே வழிதான் இருந்தது: தவறினால் அவன் பெயரைச் சொல்வார்கள். கடைசி வரை காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் கைதட்டினார்கள், மீன், மீன் என்று கத்தினார்கள். அவன் பெயரை யாரும் சொல்லவில்லை.