அனிதா மேரி பெயரில் நாங்கள் எழுதியது

வெட்கங்கெட்டவன் என்று இன்னும் யாரும் என்னை முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்தால் தேவலை. போன திங்கட்கிழமை என்னை டீம் லீடர் ஆக்கினார்கள். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள், நானும் வாங்கித் தின்றேன். அது எப்படித்தான் தொண்டையில் இறங்கியதோ தெரியவில்லை.

எங்கள் கம்பெனி பழனிசெட்டிபட்டியில் ஒரு உரக்கடையின் மாடியில் இருக்கிறது. முதலாளி மலைச்சாமி அண்ணன் பெங்களூரில் பல வருஷம் குப்பை கொட்டிவிட்டு வந்து ஆரம்பித்தது. ஆலைகளுக்கும் வியாபாரிகளுக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறோம். அண்ணன் நல்ல மனிதர், அதில் சந்தேகமே இல்லை. நம் பக்கம் சாதி பார்த்து, சொந்தம் பார்த்து, முகம் பார்த்துத்தான் ஒரு ஆளை எடைபோடுகிறார்கள், தன் கம்பெனியில் அது நடக்கவே கூடாது என்று அவருக்கு ஒரு வைராக்கியம். அதற்காகப் போன வருஷம், 2006 ஆடியில், ஒரு சட்டம் போட்டார். நாங்கள் எழுதுவதைச் சோதிக்கிற டெஸ்டர் ஒரு தப்பைக் கண்டுபிடித்தால் உடனே அதைக் கம்ப்யூட்டரில் பதிந்துவிட வேண்டும். பதிந்தால் டெஸ்டருக்கு ஒரு மார்க் கூடும், எழுதியவனுக்கு ஒரு மார்க் குறையும். வருஷம் முடிந்ததும் கூட்டிப் பார்த்து, மேலே இருப்பவனுக்குப் பதவி, கீழே இருப்பவனுக்கு வாசல்.

"நம்பருக்கு மாமன் மச்சான் கிடையாதுப்பா" என்றார் அண்ணன். நாங்கள் கை தட்டினோம்.

நம்பருக்குக் கிடையாது, சரி. எங்களுக்கு இருந்ததே! என்னோடு புரோகிராம் எழுதுகிறவர்களில் ஒச்சாண்டி எனக்கு மச்சான் முறை, ராஜமணி சித்தப்பா முறை. முறை இல்லாதவர்களையும் அண்ணே, அக்கா என்று கூப்பிட்டு முறையாக்கி வைத்திருக்கிற ஆபீஸ் அது. மதியம் ஒருவர் டப்பாவில் இன்னொருவர் கை இருக்கும். டெஸ்டர்கள் இரண்டு பேர், திலீபனும் அனிதா மேரியும். திலீபன் சட்டத்தைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டான். எழுத்து ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் ஒரு பதிவு, பட்டன் நிறம் மங்கலாக இருந்தால் ஒரு பதிவு. அவன் மேல் எந்தத் தப்பும் இல்லை. ஆனாலும் நாங்கள் அவனோடு சேர்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டோம்.

அனிதா மேரி கூடலூர்க்காரி. தினமும் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். அவள் அம்மா ரோசம்மாள் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஜீப்பில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஒரு நாள் ஏறும்போது விழுந்து, முழங்கால் இப்போதும் சரியாக மடங்காது. மகள் வேலைக்கு வந்த பிறகுதான் அந்த அம்மா வீட்டில் உட்கார்ந்தார். இது எங்கள் ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் செய்தோம்.

போடியில் ஒரு ஏலக்காய்க் கம்பெனிக்கு நான் புரோகிராம் எழுதினேன். விவசாயிகள் கொண்டுவரும் மூடைகளை அவரவர் பெயரில் ஏற்றி, விற்றதும் அவரவர் கணக்கில் சேர்க்க வேண்டும். பெயர், இன்ஷியல், ஊர் மூன்றும் ஒத்துப்போனால் ஒரே ஆள் என்று நான் வைத்திருந்தேன். ஒருநாள் டீக்கடையில் அனிதா மேரி என் பக்கத்தில் வந்து நின்று மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, உங்க பக்கம் மூத்த மகனுக்குத் தாத்தா பேருதான வப்பாக? அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் மூத்தது பையன்னா, ரெண்டு பயலுக்கும் ஒரே பேரு. அப்பங்க பேரும் ஒரே எழுத்துல ஆரம்பிச்சா இன்ஷியலும் ஒண்ணு. ஊரும் ஒண்ணு. அப்ப ஒருத்தர் மூடையெல்லாம் இன்னொருத்தர் கணக்குல ஏறிராது?"

என் அப்பா பெயர் மொக்கைச்சாமி. கடமலைக்குண்டில் எங்கள் தெருவிலேயே அப்பாவின் பெரியப்பா மகன் ஒருவரும் மொக்கைச்சாமி, அவருக்கும் அதே இன்ஷியல்தான். எங்கள் வீட்டுக்கு மாறி வந்த அவர் தபாலை நானே எத்தனை தடவை கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்! என் வீட்டில் இருக்கிற விஷயம் என் புத்தியில் ஏறவில்லை. அது அப்படியே போடிக்குப் போயிருந்தால் பங்காளிகள் அருவாளைத் தூக்கியிருப்பார்கள்.

அவள் பதிந்துவிடலாம் என்றுதான் கிளம்பினாள். நான்தான் தடுத்தேன்.

"எழுதாத மேரி. இந்தா, இப்பவே சரி பண்ணிர்றேன். எனக்குப் பொண்ணு பேசுற நேரம், லீடர் ஆகிருவேன்னு எங்கப்பா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காக."

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சரிண்ணே என்றாள். அன்று சாயங்காலமே ஒவ்வொரு விவசாயிக்கும் தனி எண் கொடுத்துச் சரி செய்தேன். விஜயபாண்டி எழுதினால் தப்பே இருக்காது என்று மலைச்சாமி அண்ணன் போடிக்காரர்களிடம் பெருமை அடித்தார். அந்தப் பெருமையை நான் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. நான் சொன்னதைத்தான் ஒச்சாண்டியும் சொன்னான், ராஜமணியும் சொன்னார். எங்கள் ஒவ்வொருவர் பக்கத்திலும் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எழுத எழுதவே அவள் தப்பைச் சொல்லிவிடுவாள். வேலை சுத்தமாக நடந்தது. பதிவில் அவள் பெயருக்கு நேரே ஒன்றும் ஏறவில்லை. அது அவளுக்கு என்ன செய்யும் என்று நாங்கள் ஒருவரும் யோசிக்கவில்லை என்றுதான் சொல்லிக்கொள்கிறோம். பொய். யோசித்தோம், அந்த யோசனையைத் தள்ளி வைத்தோம்.

போன திங்கள் எல்லோரையும் உட்கார வைத்து அண்ணன் மார்க்கைச் சுவரில் ஒட்டினார். எழுதுகிறவர்களில் நான் முதல். டெஸ்டர்களில் திலீபன் முதல். அனிதா மேரி ஒன்றுமே இல்லாமல் கடைசி. அண்ணனுக்கே மனசு கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது. ஆனால் தான் போட்ட சட்டத்தைத் தானே மீறினால் அப்புறம் என்ன மரியாதை? இந்த மாதத்தோடு நின்றுகொள்ளம்மா என்றார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்றும் கேட்டார். அவள் இல்லை என்றாள். யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. நாங்கள் எல்லோரும் ஆளாளுக்குச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்குப் பிறகுதான் அந்த லட்டு வந்தது.

மறுநாள் மனசு அரித்து அண்ணனிடம் போனேன். அவள் தப்பைக் கண்டுபிடிக்காமல் இல்லை, பதியாமல் வாயாலேயே சொல்லிவிடுவாள் என்றேன். யார் தப்பை என்று கேட்டார். எல்லோருடையதையும் என்றேன். என்னுடையதை என்று சொல்ல நாக்கு எழவில்லை. அவர் கோபப்படவில்லை. அப்படியென்றால் அவள் சொன்னதையெல்லாம் நீங்களே அவள் பெயரில் பதியுங்கள், உங்களுக்கு மார்க் குறைந்தால் குறையட்டும், வெள்ளிக்கிழமை பார்த்து முடிவு சொல்கிறேன் என்றார். இதற்கு மேல் ஒரு மனிதர் எப்படி நியாயமாக நடப்பார்?

பதிந்தோம். எல்லோரும் சேர்ந்துதான் பதிந்தோம். ஒச்சாண்டி, தேதி ஒரு கட்டம் தள்ளி விழுந்தது என்று எழுதினான். ராஜமணி, பிரிண்டில் கடைசி வரி வெட்டுப்பட்டது என்று எழுதினார். பில் இரட்டிப்பாக விழ இருந்ததை அவள்தான் பிடித்தாள், அதை அவர் எழுதவில்லை. நான் தலைப்பில் ஒரு புள்ளி விட்டுப்போனதை எழுதினேன், நிறம் மாறியதை எழுதினேன். சின்னச் சின்னதாக நிறைய எழுதினேன். மொக்கைச்சாமி விஷயத்தைத் தொடவில்லை. எண்ணிக்கைதானே வேண்டும், எது எழுதினால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். எண்ணிக்கையில் அவள் திலீபனுக்குக் கிட்டத்தில் வந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் என் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தார். படிக்கப் படிக்க முகம் சுருங்கியது. அனிதா மேரியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, வருஷம் பூரா ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் உக்காந்து நீ கண்டுபிடிச்சது இதுதானா? புள்ளியும் கலரும்?"

அவள் குனிந்து படித்தாள். அவசரப்படாமல் கடைசி வரைக்கும் படித்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. அத்தனை பேர் முன்னாலும் ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டபோதுகூட அவள் முகம் அப்படி ஆகவில்லை.

"அண்ணே, இதெல்லாம் நான் சொன்னதுதான். ஆனா இது மட்டுந்தான் சொன்னேன்னு என் பேருல இருக்க வேணாம். அழிச்சிருங்க. முன்ன மாதிரி ஒண்ணுமில்லன்னே இருக்கட்டும்."

அண்ணன் விடவில்லை. இது மட்டும் இல்லையென்றால் வேறு என்ன என்று கேட்டார்.

"அத எழுதுனவுக சொல்லட்டும்" என்றாள்.

அண்ணன் நாற்காலியைத் திருப்பினார். யாருப்பா, வேறு என்ன இருக்கிறது, இப்போது சொல்லுங்கள் என்று எங்கள் எல்லோரையும் பொதுவாகக் கேட்டார். கேட்டுவிட்டு அவசரப்படாமல் காத்திருந்தார். ஒச்சாண்டி என்னைப் பார்த்தான். ராஜமணி என்னைப் பார்த்தார். லீடர் நான்தானே, நான் வாயைத் திறந்தால் அவர்களும் திறந்திருப்பார்கள். அவள் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. அதுகூட எனக்காகத்தான், என் பக்கம் திரும்பினால் நான் மாட்டிக்கொள்வேன் என்றுதான்.

நான் வாயைத் திறக்கவில்லை. பொண்ணு வீட்டை நினைத்தேன். அப்பாவை நினைத்தேன். ரோசம்மாளையும் நினைத்தேன், நினைக்காமல் இல்லை. அப்படியும் திறக்கவில்லை.

அண்ணன் பெருமூச்சு விட்டு எழுந்தார். "சரி. விஜயபாண்டி, நீதான லீடரு. அந்தப் புள்ள சொன்ன மாதிரி அழிச்சிரு" என்றார்.

நான் உட்கார்ந்தேன். அவள் பக்கத்திலேயே நின்றாள். நான் எழுதியது, ஒச்சாண்டி எழுதியது, ராஜமணி எழுதியது எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அழித்தேன். ஒவ்வொரு தடவையும், நிஜமாகவே அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்று அமுக்கினேன். பழையபடி அவள் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லாமல் ஆனது.

"முடிஞ்சிருச்சாண்ணே?" என்று கேட்டாள்.

"முடிஞ்சிருச்சு மேரி" என்றேன். அன்று காலையிலிருந்து அவள் முன்னால் நான் வாய் திறந்து பேசியது அவ்வளவுதான்.